தீர்ந்துபோன எரிவாயுக் கிணற்றில் கரியமில வாயு: டெல்டாவாசிகளுக்கு ஓர் எளிய விளக்கம்

காவிரிப் படுகையில் எண்ணெயும் எரிவாயுவும் கிடைத்த இடங்களைச் சொல்லச் சொன்னால் குத்தாலம், கமலாபுரம், நரிமணம், அடியக்கமங்கலம், கோவில்களப்பாள் என்று ஊர்ப்பெயர்கள் வரிசையாக வரும். இங்கே ஆழ்துளையிடல் 1960களில் தொடங்கியது. ஒரு கிணற்றில் வாயுவின் அழுத்தம் இறங்கி, எடுக்கும் செலவு கட்டுப்படியாகாத நிலை வந்ததும் வால்வை மூடிவிடுவார்கள். கீழே, ஒன்றரை இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், அதுவரை வாயு நிறைந்திருந்த பாறை அப்படியேதான் இருக்கிறது.

மின்நிலையம், சிமெண்ட் ஆலை, உர ஆலை, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஆகியவற்றின் புகைபோக்கி வழியே போகும் கரியமில வாயுவைப் பிரித்தெடுத்து, அந்தப் பாறைக்குள் செலுத்தி நிரந்தரமாக வைத்துவிடலாம் என்பதுதான் யோசனை. இது வெறும் காகிதத் திட்டமில்லை. நெதர்லாந்தின் கடற்பகுதியில் கே12-பி என்ற எரிவாயு வயலில் (வாயு தங்கியிருக்கும் நிலத்தடிப் பகுதியை வயல் என்பார்கள்) 2004 முதல், ஆஸ்திரேலியாவின் ஓட்வேயில் 2008 முதல், பிரான்சின் லாக்கில் 2010 முதல் 2013 வரை செய்து பார்த்திருக்கிறார்கள். இத்தாலியின் ரவென்னா கடற்கரையை ஒட்டிய வயலில் 2024-இல் தொடங்கியிருக்கிறார்கள்.

டெல்டாவில் இப்படி ஒன்று வந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? பலர் பாறையைப் பற்றித்தான் கேட்கிறார்கள்: வெடிக்குமா, விரியுமா, ஊர் அமிழுமா என்று. அந்தக் கேள்விகளுக்கும் இடம் உண்டு. ஆனால் முதல் கேள்வி கிணறுகளைப் பற்றியதாக இருக்க வேண்டும். பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளாக வாயுவைக் காத்து வந்தது. அதில் ஓட்டை போட்டது நாம்தான்.

பாறைக்குள் இடம் எங்கே இருக்கிறது?

நிலத்தடியில் சேமிப்பு என்றதும் பெரிய குகை ஒன்று மனத்தில் தோன்றும். அப்படி எதுவும் கிடையாது. கோடையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டினால் மணலுக்கு நடுவிலிருந்து தண்ணீர் சுரக்கிறதல்லவா, அந்த மாதிரி இடைவெளிதான் இதுவும். மணல் இறுகிப் பாறையான பிறகும் மணிகளுக்கு இடையே நுண்ணிய இடைவெளி மிஞ்சியிருக்கும். நல்ல மணற்பாறையில் 100 கன மீட்டருக்கு 15 முதல் 20 கன மீட்டர் வரை வெற்றிடம் கிடைக்கும். எரிவாயு அங்கேதான் உப்புநீரோடு சேர்ந்து இருந்தது.

மேலே ஒரு மூடி இல்லாவிட்டால் வாயு அங்கே தங்கியிருக்காது. ஷேல் எனப்படும் களிப்பாறைதான் அந்த மூடி. அதன் துளைகள் மிக மிக நுண்ணியவை. அவற்றில் நீர் நிறைந்திருக்கும். அந்த நீரைத் தள்ளிக்கொண்டு நுழைய வாயுவுக்குப் பெரிய அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தம் வராதவரை வாயு கீழேயே நிற்கும். நம் படுகையில் இந்த அடுக்குகளுக்குப் புவியியலாளர்கள் நம் ஊர்ப்பெயர்களையே சூட்டியிருக்கிறார்கள்: வாயுவும் எண்ணெயும் தங்கும் அடுக்குகளில் ஆண்டிமடம், புவனகிரி, நன்னிலம், கமலாபுரம், மூடும் களிப்பாறைகளில் சாத்தப்பாடி, காரைக்கால். இந்தியத் துணைக்கண்டம் அண்டார்டிகாவிலிருந்து பிரிந்த காலத்தில் நிலம் பிளந்து உருவான படுகை இது. அதனால் கீழே மேடும் பள்ளமுமாகப் பல துண்டுகள். துண்டுகளுக்கு நடுவே பிளவுகள். இங்குள்ள வயல்கள் சிறியவையாக, தனித்தனித் தொட்டிகளாகப் பிரிந்து கிடப்பதற்கு அதுவே காரணம். இந்த விவரம் பிறகு தேவைப்படும்.

எரிவாயுவின் பெரும்பகுதியான மீத்தேனைத் தாங்கிய மூடி கரியமில வாயுவையும் தாங்குமா? பெரும்பாலும் தாங்கும், ஆனால் அதே அளவுக்கு இல்லை. நீரின் மேற்பரப்பை மீத்தேனைவிடக் கரியமில வாயு சற்று எளிதாக ஊடுருவும். அதோடு நீரில் கரைந்து அமிலமாகவும் மாறும். எனவே வாயு எடுக்கத் தொடங்குவதற்கு முன்பு அந்தப் பாறையில் இருந்த அழுத்தத்தைத் தாண்டி நிரப்பக்கூடாது என்பது பாதுகாப்பான நடைமுறை. பாறையைப் பிளக்கும் அழுத்தத்தில் 90 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது அமெரிக்க விதி.

800 மீட்டர் விதி நம் மண்ணுக்குப் போதாது

கரியமில வாயு 31 டிகிரி செல்சியசுக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) மேலே போனால் வாயுவுமில்லாமல் திரவமுமில்லாமல் ஒரு நடுநிலைக்கு வரும். அப்போது திரவம்போல் கனமாகவும் வாயுபோல் எளிதாக ஓடக்கூடியதாகவும் இருக்கும். நீர் நிறைந்த பாறையில் 100 மீட்டர் இறங்கினால் அழுத்தம் சுமார் 10 பார் கூடும். ஆகவே 800 மீட்டருக்குக் கீழே போனால் போதும் என்று அறிமுக நூல்கள் எழுதுகின்றன.

அந்தக் கணக்கு குளிர்நாட்டு மண்ணுக்குச் சரி. நம் டெல்டாவில் தரைமட்டத்திலேயே மண்ணின் வெப்பம் 30 டிகிரியை ஒட்டி இருக்கிறது. கிலோமீட்டருக்கு 30 டிகிரி கூடுவதாக வைத்தால் 800 மீட்டரில் 54 டிகிரி. அங்கே, 80 பார் அழுத்தத்தில், ஒரு கன மீட்டரில் கரியமில வாயு 200 கிலோ சொச்சம்தான் அடங்கும். 1,500 மீட்டரில் 460 கிலோ அளவு. 2,000 மீட்டரில், 90 டிகிரி வெப்பமும் 200 பார் அழுத்தமும் உள்ள இடத்தில், 530 கிலோ. எனவே இங்கே 1,500 மீட்டருக்கு மேற்பட்ட ஆழம்தான் உருப்படியான ஆழம். யாராவது 800 மீட்டர் என்று வரைபடம் காட்டினால் அந்தக் கணக்கு எந்த ஊர் வெப்பத்துக்குப் போட்டது என்று கேளுங்கள்.

தரைமட்டத்தில் ஒரு டன் கரியமில வாயுவுக்கு 540 கன மீட்டர் இடம் வேண்டும். 2,000 மீட்டர் ஆழத்தில் அதே ஒரு டன்னுக்கு 2 கன மீட்டர்கூடத் தேவையில்லை. இந்தச் சுருக்கம்தான் முழு யோசனைக்கும் அடிப்படை.

ஒரு வயலில் எவ்வளவு அடங்கும்?

2,000 மீட்டர் ஆழத்தில் 200 பார் அழுத்தத்தில் இருந்த ஒரு வயலை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து மொத்தம் 100 கோடி கன மீட்டர் வாயு எடுத்தாகிவிட்டது என்று வைப்போம் (தரைமட்ட அளவில்). பாறைக்குள் அந்த வாயு பிடித்திருந்த இடம் சுமார் 60 லட்சம் கன மீட்டர். அதை அப்படியே கரியமில வாயுவால் நிரப்பினால் 32 லட்சம் டன் அடங்கும்.

நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது. வாயு வெளியேற வெளியேறப் பக்கத்துப் பாறையிலிருந்து உப்புநீர் உள்ளே ஏறிவிடும். எடுக்க முடியாமல் தங்கிப்போன மீத்தேனும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் நல்ல வயல். அதாவது 21 லட்சம் டன். எடுத்த 100 கோடி கன மீட்டர் வாயுவை எரித்தபோது வெளிவந்த கரியமில வாயு எவ்வளவு? சுமார் 19 லட்சம் டன். ஆக, ஒரு வயலால் தன்னிடமிருந்து போன வாயு உண்டாக்கிய புகையைக் கிட்டத்தட்டத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியும். அதற்குமேல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

குத்தாலம், திருமாகோட்டை எரிவாயு மின்நிலையங்கள் ஒவ்வொன்றும் 100 மெகாவாட்டை ஒட்டியவை. அந்த அளவுள்ள ஒரு நிலையம் ஆண்டு முழுவதும் நன்றாக ஓடினால் சுமார் 3 லட்சம் டன் வெளியிடும். அதில் பத்தில் ஒன்பது பங்கைப் பிடித்தாலும் நம் கற்பனை வயல் ஏழு ஆண்டுக்குத் தாங்கும். ஆனால் நெய்வேலியைப் போல் பழுப்பு நிலக்கரி எரிக்கும் 500 மெகாவாட் அலகு ஒன்றை இணைத்தால், யூனிட்டுக்கு 1.1 கிலோ என்ற கணக்கில் ஆண்டுக்கு 38 லட்சம் டன்னைத் தாண்டும். வயல் ஏழு மாதத்தில் நிறைந்துவிடும். டெல்டாவின் சிறு வயல்களை வைத்து நிலக்கரிப் புகைக்குத் தீர்வு காணலாம் என்று யாராவது சொன்னால், இந்தப் பெருக்கலைப் போட்டுக் காட்டினால் போதும்.

மேலிருந்து கீழே போகும் வழி

புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரிக்க அமீன் என்ற ரசாயனக் கரைசல் பயன்படுகிறது. 40 டிகிரியில் அது வாயுவைப் பிடித்துக்கொள்ளும்; 120 டிகிரிக்குச் சூடாக்கினால் விட்டுவிடும். செலவில் பெரும்பங்கு இந்தச் சூட்டுக்குத்தான். எரிவாயு மின்நிலையப் புகையில் கரியமில வாயு 3, 4 சதவீதமே. நிலக்கரிப் புகையில் 12 சதவீதத்துக்கு மேல். அடர்த்தி குறையக் குறையப் பிரிக்கும் வேலை கடினமாகும். தூத்துக்குடியில் ஒரு ரசாயன ஆலை 2016 முதல் கொதிகலன் புகையிலிருந்து இந்த முறையில் பிரித்துச் சோடா உப்புத் தயாரிக்கிறது. பிரிக்கும் தொழில்நுட்பம் நம் மாநிலத்துக்குப் புதிதல்ல.

பிரித்த வாயுவை உலர்த்துவது அடுத்த வேலை. இதில் கஞ்சத்தனம் காட்டினால் பின்னால் எல்லாமே கெடும். ஈரத்தோடு சேர்ந்தால் கரியமில வாயு கார்பானிக் அமிலமாகி சாதாரண எஃகுக் குழாயை அரிக்கும். அதனால் ஈரத்தைப் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு என்ற அளவுக்குக் கொண்டுவருவார்கள். கந்தகம், நைட்ரஜன் ஆக்சைடுகள் கலந்திருந்தால் அவை தம் பங்குக்கு இன்னும் கடுமையான அமிலங்களை உண்டாக்கும். பிறகு 100 பாருக்கு மேல் அழுத்துவார்கள். டன்னுக்கு சுமார் 100 யூனிட் மின்சாரம் இதற்கு மட்டும் போகும்.

அங்கிருந்து குழாய். கரியமில வாயு எரியாது, ஆனால் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் தாழ்வான இடத்தில் போய்த் தேங்கும். நிறமும் மணமும் இல்லாததால் கண்டுபிடிக்க முடியாது. காற்றில் 4 சதவீதமானாலே உயிருக்கு உடனடி ஆபத்து. 10 சதவீதத்தில் நினைவு தப்பும். 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சட்டார்ஷியா என்ற சிற்றூருக்கு அருகே, கனமழைக்குப் பின் மண் சரிந்து கரியமில வாயுக் குழாய் உடைந்தது. சுமார் 200 பேரை வெளியேற்றினார்கள், 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். இன்ஜினுக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் வண்டிகள் நின்றுபோயின. மழையில் கரை உடைவதும் வாய்க்கால் திசை மாறுவதும் வழக்கமான நம் பகுதியில் குழாய் எந்தக் கரையோரம், எவ்வளவு ஆழத்தில் போகிறது என்பதும், எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தானியங்கி வால்வு என்பதும் சின்ன விஷயமல்ல.

குளிரும் உப்பும்

கிணற்றுக்குள் செலுத்துவதில் காலியான வயலுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. குழாயில் 100 பாரில் வரும் வாயு, 30, 40 பாருக்கு இறங்கிப்போன பாறைக்குள் பாய்ந்தால் சட்டென்று விரிந்து குளிரும். 40 பாரில் 5 டிகிரிக்கு வரும். 20 பார் என்றால் சுழியத்துக்குக் கீழே 20 டிகிரி. 10 டிகிரிக்குக் கீழே நீரும் கரியமில வாயுவும் சேர்ந்து பனிக்கட்டி போன்ற ஹைட்ரேட்டாக உறைந்து வழியை அடைக்கலாம். சுற்றியுள்ள எஃகு சுருங்கி, ஒட்டியிருந்த சிமெண்டிலிருந்து விலகலாம். கண்ணுக்குத் தெரியாத அந்த விலகல்தான் பின்னாளில் கசிவுப் பாதையாகும்.

இதைத் தவிர்க்கத் தொடக்கத்தில் குறைந்த அழுத்தத்தில் வாயு நிலையிலேயே மெதுவாகச் செலுத்துவார்கள்; அல்லது கிணற்றுத் தலையில் சூடேற்றி அனுப்புவார்கள். சில இடங்களில் குறுகலான உட்குழாயைப் பொருத்தி, உராய்விலேயே அழுத்தம் படிப்படியாக இறங்கும்படி செய்வார்கள். பாறையின் அழுத்தம் ஏறிய பிறகுதான் முழு வேகம். மின்வெட்டு, கம்ப்ரஸர் பழுது என்று அடிக்கடி நிறுத்தித் தொடங்கும் கிணறு சீக்கிரம் கெடும். ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு குளிர்ச் சுற்று.

இன்னொன்று உப்பு. உலர்ந்த வாயு கிணற்றை ஒட்டிய பாறையில் மிஞ்சிய உப்புநீரை உறிஞ்சிவிடும். நீர் போய்விடும், உப்பு தங்கிவிடும், துளைகள் அடைபடும். செலுத்தும் அழுத்தம் காரணமின்றி ஏறத் தொடங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அவ்வப்போது நன்னீர் விட்டு அலசுவது மருந்து, ஆனால் குளிர்ந்த கிணற்றில் நீர் விட்டால் ஹைட்ரேட் வரும். ஆகவே உறைவதைத் தடுக்கும் கிளைகால் என்ற திரவத்தைக் கலந்து விடுவார்கள்.

பழைய கிணறு எப்படி இருக்கும்?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ஒரு எரிவாயுக் கிணறு ஒற்றைக் குழாய் அல்ல. மேலே 20 அங்குலம், அதற்குள் 13⅜, அதற்குள் 9⅝, கடைசியாக 7 அல்லது 5½ அங்குலம் என்று ஒன்றுக்குள் ஒன்றாக கேசிங் குழாய்கள் இறங்கும். வெளிக்குழாய் குடிநீர் மணலைக் காக்க. உள்குழாய் வாயு அடுக்குவரை போகும். ஒவ்வொரு குழாய்க்கும் மண்ணுக்கும் இடையே சிமெண்ட் கலவையைக் கீழிருந்து மேலாக ஏற்றுவார்கள். எல்லாவற்றுக்கும் நடுவில் 2⅞ அல்லது 3½ அங்குல டியூபிங். அதன் அடியில் பேக்கர் என்ற ரப்பர் அடைப்பு. மேலே வால்வுகள் அடுக்கிய வெல்ஹெட்.

கசிவு நடக்கும் இடங்களும் இதிலிருந்தே தெரியும். குழாய்க்கும் சிமெண்டுக்கும் இடையே முடியளவு இடைவெளி. சிமெண்டுக்கும் பாறைக்கும் இடையே, துளையிட்டபோது ஒட்டிய சேற்றுப் படலம். சிமெண்ட் ஏறாமல் விட்டுப்போன பகுதி. துருப்பிடித்து ஓட்டையான கேசிங்.

நல்ல சிமெண்டை அமிலம் அவ்வளவு சீக்கிரம் தின்றுவிடாது. அமெரிக்காவின் டெக்சாசில் சாக்ரோக் என்ற எண்ணெய் வயலில் 30 ஆண்டு கரியமில வாயு பட்ட கிணறு ஒன்றின் சிமெண்டை வெட்டி எடுத்துப் பார்த்தார்கள். ஓரங்கள் மாறியிருந்தன, ஆனால் சிமெண்ட் இன்னும் அடைத்துக்கொண்டுதான் இருந்தது. எனவே சிமெண்ட் கரைந்துவிடுமே என்று பயப்படுவதைவிட, சிமெண்ட் ஒழுங்காக ஏறியதா என்று கேட்பது பயனுள்ளது. அல்ஜீரியாவின் இன் சாலாவில் 2007-இல், செலுத்தும் கிணற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த பழைய ஆய்வுக் கிணறு ஒன்றின் தலையில் கரியமில வாயு வந்து நின்றது. மேலே வர வழிவிட்டது பழைய துளைதான். பிறகு அந்தக் கிணற்றைச் சிமெண்டால் அடைத்தார்கள்.

கிணறு நல்லதா என்று அறிய இரண்டு சோதனைகள் அடிப்படை. ஒன்று, ஒலியை அனுப்பி சிமெண்ட் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் சிமெண்ட் பாண்ட் லாக். வெறும் குழாய் கணீரென்று அதிரும், சிமெண்ட் பிடித்த குழாய் மந்தமாக ஒலிக்கும். அந்த வேறுபாட்டை மீட்டர் மீட்டராகப் பதிவு செய்வார்கள். மற்றொன்று இன்னும் எளியது. கேசிங்குகளுக்கு இடையிலான வளைய இடைவெளியில் ஒரு அழுத்தமானி இருக்கும். அதிலுள்ள அழுத்தத்தைத் திறந்துவிட்டு மூடிவைக்க வேண்டும். முள் மறுபடியும் ஏறினால் கீழே எங்கிருந்தோ வாயு வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஏறாமல் நின்றால், முன்பு இருந்தது வெறும் சூட்டால் வந்த அழுத்தம். ஒரு கிணற்றின் உடல்நிலையைச் சொல்ல இந்த அளவீட்டின் ஓராண்டுப் பதிவு பெரிதும் உதவும்.

கைவிட்ட கிணற்றை நிரந்தரமாக மூடுவதற்கும் முறை உண்டு. டியூபிங்கை உருவி எடுத்து, வாயு அடுக்கில் போட்ட துளைகளுக்குக் குறுக்கேயும், மூடிப்பாறைக்கு நேராகவும், நன்னீர் மணலுக்குக் கீழேயும் தனித்தனி சிமெண்ட் அடைப்புகள் இட வேண்டும்; பொதுவாக ஒவ்வொன்றும் 50 முதல் 100 மீட்டர் நீளம். சிமெண்ட் இறுகியபின் துளைக்குழாயின் எடையை அதன்மேல் இறக்கிப் பார்க்க வேண்டும். அழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். மூடிப்பாறைக்கு நேரே வெளிப்புறச் சிமெண்ட் இல்லாவிட்டால், உள்ளே அடைத்துப் பயனில்லை. அந்த இடத்தில் கேசிங்கையே அரைத்தெடுத்து, பாறையோடு பாறையாகச் சிமெண்ட் பிடிக்கச் செய்ய வேண்டும். வெல்ஹெட்டை அறுத்து, தரைக்குக் கீழே இரண்டு மூன்று மீட்டரில் தகடு பற்றவைத்து மண் மூடுவார்கள்.

வெல்ஹெட்டைச் சுற்றியுள்ள கான்கிரீட் குழிக்கும் ஒரு எச்சரிக்கை. செல்லார் என்பார்கள். ஐப்பசி கார்த்திகையில் அது நீரால் நிரம்பும். வடிந்த பிறகு கசிந்த வாயு அதில் தேங்கலாம். மானி வைத்துப் பார்க்காமல் யாரும் அதற்குள் இறங்கக்கூடாது.

உள்ளே போனது உள்ளேயே இருக்கிறதா?

தீர்ந்த வயலில், தரையில் அதிர்வை உண்டாக்கி அதன் எதிரொலியால் நில அதிர்வுப் படம் எடுத்து வாயுவைப் பின்தொடர்வது கடினம். ஏற்கெனவே அங்கே மிச்ச மீத்தேன் இருப்பதால் படத்தில் இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆனால் இத்தகைய வயலுக்கு ஒரு வசதி உண்டு: அதன் வரலாறு. எவ்வளவு வாயு எடுத்தபோது அழுத்தம் எவ்வளவு இறங்கியது என்ற பதிவு கையில் இருக்கிறது. நீர் அதிகம் ஏறாத வயலில் அது ஏறத்தாழ நேர்கோடாக இறங்கியிருக்கும். இப்போது செலுத்தும்போது, மீத்தேனுக்கும் கரியமில வாயுவுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கில் சேர்த்த பிறகு, அழுத்தம் அந்த வழியிலேயே திரும்ப ஏற வேண்டும். எதிர்பார்த்ததைவிடக் குறைவாக ஏறினால் வாயு வேறெங்கோ போகிறது அல்லது நீரில் கரைகிறது. வேகமாக ஏறினால், பிளவு ஒன்று குறுக்கே நின்று, தொட்டி நினைத்ததைவிடச் சிறியது என்று பொருள். துண்டு துண்டாகக் கிடக்கும் நம் படுகையில் இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம். அதைக் கவனிக்காமல் தொடர்ந்து அழுத்தினால் பிளவு அசையலாம். ஸ்பெயின் கடற்கரையில் காஸ்டோர் என்ற திட்டத்தில், பழைய எண்ணெய் வயலில் எரிவாயுவைச் சேமிக்க முயன்றபோது 2013-இல் ரிக்டர் 4 அளவை ஒட்டிய நில அதிர்வுகள் வந்தன. திட்டத்தைக் கைவிட்டார்கள்.

மேற்பரப்பில் பார்ப்பதற்கும் முறைகள் உண்டு: குடிநீர்க் கிணற்றில் நீரின் அமிலத்தன்மை, காரத்தன்மை, மின்கடத்துதிறன், இரும்பு, மாங்கனீசு, மண்ணின் துளைகளில் உள்ள வாயு. ஆழத்திலிருந்து கரியமில வாயு ஏறி நன்னீர் மணலில் கலந்தால் நீர் அமிலமாகும். மணலில் ஒட்டியிருக்கும் உலோகங்கள் கரைந்து இறங்கும். ஃபில்டர் பாயிண்ட் என்ற ஆழமில்லாத குழாய்க்கிணறு போட்டு இறைக்கும் ஊர்களில் இது நேரடியாகக் குழாயில் தெரியும்.

ஆனால் நெல்வயல் ஏமாற்றும். நீர் கட்டிய சம்பா வயலின் மண் தானாகவே மீத்தேனையும் கரியமில வாயுவையும் விடும். அறுவடைக்குப் பின் காய்ந்து வெடித்த வயல் வேறு அளவில் விடும். கனடாவின் வெய்பர்ன் சேமிப்பு வயலுக்கு அருகே, 2011-இல் ஒரு பண்ணை மண்ணில் கரியமில வாயு அதிகமாக இருப்பதாகப் புகார் எழுந்தது. ஆராய்ந்தபோது அது மண்ணின் இயல்பான சுவாசம் என்று தெரிந்தது. கண்டுபிடித்த வழி எளியது: வேர்களும் நுண்ணுயிர்களும் கரியமில வாயுவை விடும்போது அதே அளவுக்கு ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. கரியமில வாயு கூடி, ஆக்சிஜன் அதற்கேற்பக் குறையாமல் இருந்தால்தான் வெளியிலிருந்து வந்தது. கார்பன்-14 சோதனையும் உதவும். நிலக்கரி, எரிவாயுவிலிருந்து வந்த கரியமில வாயுவில் கார்பன்-14 இருக்காது. எனவே முதல் டன்னைச் செலுத்துவதற்கு முன்பே, குறுவை, சம்பா, கோடைத் தரிசு என்று ஒரு முழு ஆண்டுச் சுற்றுக்கு மண்ணையும் நீரையும் அளந்து வைத்தாக வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் தொடங்கினால், பிறகு கசிவு என்று சொன்னவராலும் இல்லை என்று சொன்னவராலும் எதையும் நிரூபிக்க முடியாது.

டெல்டாவில் கேட்க வேண்டியவை

ஓட்வேயில் பால்பண்ணை நிலங்களுக்கு அடியில், 2,000 மீட்டர் ஆழத்தில், சுமார் 65,000 டன் வாயுவைச் செலுத்தினார்கள். லாக்கில் 4,500 மீட்டர் ஆழத்தில் 51,000 டன். விவசாய நிலத்துக்குக் கீழே செய்யவே முடியாது என்று சொல்ல இடமில்லை. அதே சமயம் நெதர்லாந்தின் பாரன்ட்ரெக்ட் நகருக்கு அடியில் இருந்த வயலில் செய்ய முயன்ற திட்டம் மக்கள் எதிர்ப்பால் 2010-இல் கைவிடப்பட்டது. அதன் பிறகு அந்த நாடு கடலுக்கடியில் உள்ள வயல்களுக்கே போனது. ராட்டர்டாம் துறைமுகத்தின் போர்த்தோஸ் திட்டம் அப்படிப்பட்டது.

நம் பக்கம், எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கு எதிராகப் போராடிய நெடுவாசலும் கதிராமங்கலமும் எதையும் மறந்துவிடவில்லை. 2020-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயுவுக்குப் புதிதாகத் துளையிடுவதைத் தடுக்கிறது. கரியமில வாயுச் சேமிப்பு அந்தத் தடைப் பட்டியலில் தனியாகக் குறிப்பிடப்படவில்லை. இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டமும் இல்லை. ஐரோப்பிய விதிப்படி, கிணற்றை மூடியபின் பொதுவாகக் குறைந்தது 20 ஆண்டு நிறுவனமே பொறுப்பு. அமெரிக்காவில் கண்காணிப்புக் காலம் பொதுவாக 50 ஆண்டு. இங்கே எத்தனை ஆண்டு, யார் பணத்தில் என்பது எழுத்தில் வராமல் ஒரு டன்கூட இறங்கக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. நிலத்தில் இருக்கும் சிறு வயல்களைவிடக் கடலடி வயல்களை முதலில் பரிசீலிப்பதே நம் படுகைக்குப் பொருத்தம் என்றும் நினைக்கிறோம். அங்கே மேலே குடிநீர் மணலும் இல்லை, வீடுகளும் இல்லை.

அப்படியும் நிலத்தில் ஒரு வயலைத் தேர்ந்தெடுத்தால், கிராம சபையில் கேட்டு வாங்க வேண்டிய காகிதம் ஒன்று உண்டு: அந்த வயலைத் தொட்ட எல்லாக் கிணறுகளின் பட்டியல். வாயு கிடைக்காமல் கைவிட்டவையும் அதில் சேர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் துளையிட்ட ஆண்டு, ஆழம், கேசிங் அளவுகள், சிமெண்ட் எந்த ஆழம்வரை ஏறியது, சிமெண்ட் பாண்ட் லாக், வளைய இடைவெளி அழுத்தத்தின் ஓராண்டுப் பதிவு, மூடியிருந்தால் அடைப்புகளின் ஆழமும் சோதனை முடிவும். இதில் ஒரு கிணற்றின் விவரம் இல்லையென்றாலும் அதைத் தோண்டியெடுத்து மறுபடி அடைக்கும் செலவு திட்ட மதிப்பீட்டில் இருக்க வேண்டும். சர்வே எண்ணோடு ஒவ்வொரு கிணற்றின் இடத்தையும், அறுத்த கேசிங் தரைக்கு எத்தனை மீட்டர் கீழே இருக்கிறது என்பதையும் வருவாய்த்துறையின் புல வரைபடத்தில் குறிக்கச் சொல்ல வேண்டும். இருபது ஆண்டு கழித்து அதே புலத்தை வாங்கி போர் போடுபவர் கையில் இருக்கப்போவது அந்த வரைபடம்தான்.